சொந்தக் கம்பெனி, சொந்த வரி: இங்கிலாந்தில் காண்ட்ராக்ட் வேலையும் வரிச் சட்டமும்

இங்கிலாந்தில் கணினித் துறையில் இருக்கும் நம்மவர்கள் நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால், இட்லி ஆறுவதற்குள் பேச்சு இரண்டு விஷயங்களுக்குப் போய்விடும். ஒன்று வீட்டு விலை. இன்னொன்று, "நீ இன்னும் பெர்மனென்ட்தானா? காண்ட்ராக்ட் போகலையா?" என்பது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்த மறு மாதமே வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்து, அதன் வழியாக நாள் கூலிக்குப் போனவர்கள் என் வட்டத்திலேயே பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். கம்பெனியைப் பதிவு செய்ய ஒரு மாலைப் பொழுது போதும். அதன் வரிக் கணக்கைப் புரிந்துகொள்ளத்தான் பல வருஷம் ஆகிறது. தமிழில் இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை என்பதால் இந்தக் கட்டுரை. கணக்காளரிடம் போவதற்கு முன்னால் படித்துக்கொள்ளலாம். கணக்காளருக்குப் பதிலாக அல்ல.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஒரு பழைய வழக்கு. கிழக்கு லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி இருந்தார். 1892-ல் தன் வியாபாரத்தைத் தானே தொடங்கிய ஒரு கம்பெனிக்கு விற்றார். அந்தக் காலச் சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் வேண்டும். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு, மிச்சம் 20,001 பங்குகள் அவருக்கு. கம்பெனி நொடித்துப் போனபோது, "இது கம்பெனியே இல்லை, சாலமன்தான் வேறு வேஷத்தில் நிற்கிறார், கடனை அவரே கட்டட்டும்" என்று வழக்குப் போனது. கீழ் நீதிமன்றங்கள் அப்படியே சொல்லின. பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அதைப் புரட்டிப் போட்டது. முறைப்படி பதிவான கம்பெனி, அதை நடத்துபவரிலிருந்து வேறான ஒரு தனி ஆள் என்றது.

இன்று ரீடிங்கிலோ மில்டன் கீன்ஸிலோ ஒரு ஜாவா புரோகிராமர் தன் வீட்டு முகவரியில் நடத்தும் கம்பெனிக்கும் இந்தத் தீர்ப்புதான் அஸ்திவாரம். நீங்கள் ஒரு ஆள், உங்கள் கம்பெனி இன்னொரு ஆள். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அந்த இன்னொரு ஆளுக்கு. அது தன் லாபத்துக்குத் தனியே வரி கட்டுகிறது. மிச்சத்தை உங்களுக்குச் சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ தரும்போது அதற்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் கம்பெனி தொடங்கினார்கள்? சம்பளத்தின் மேல் விழும் நேஷனல் இன்ஷூரன்ஸ் டிவிடெண்டின் மேல் விழுவதில்லை. எல்லாச் சூட்சுமமும் அங்கேதான்.

ஒரு காலத்தில் அரசாங்கமே இதற்கு ஆசை காட்டியது. 2002 ஏப்ரலிலிருந்து 2006 வரை சிறு கம்பெனியின் முதல் 10,000 பவுண்டு லாபத்துக்கு வரி பூஜ்யம். தனி ஆளாகத் தொழில் செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனி பதிவு செய்தார்கள். 2004-ல் டிவிடெண்டாக வெளியே எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்றார்கள். 2006-ல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். தொழில் முனைவை வளர்க்க என்று கொடுத்த சலுகையை, அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்காகவே திரும்பப் பெற்ற விசித்திரம் அது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும் கதைதான்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். செலவெல்லாம் போக, உங்கள் சம்பளத்துக்கு முன்னால், கம்பெனிக்கு வருஷம் 80,000 பவுண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஸ்காட்லாந்தில் சம்பள வரி விகிதங்கள் வேறு, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

2015-16 விதிகளின்படி, சின்னதாக ஒரு சம்பளம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை டிவிடெண்டாக எடுத்திருந்தால் கையில் நின்றது ஏறக்குறைய 58,900. அதே 80,000-ஐ ஒரு முதலாளி உங்களுக்காகச் செலவழித்து, தன் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸையும் அதிலிருந்தே கட்டி, மிச்சத்தைச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் நின்றிருக்கும் தொகை 48,700. வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல். சும்மாவா எல்லோரும் ஓடினார்கள்?

2026-27 விதிகளில் இதையே போடுவோம். கம்பெனியிலிருந்து 12,570 சம்பளம். அது வருமான வரி இல்லாத அளவு. ஆனால் 5,000-க்கு மேற்பட்ட சம்பளத்துக்கு முதலாளி பங்கு 15 சதவீதம் என்பதால் கம்பெனி 1,135 கட்ட வேண்டும். சிறு முதலாளிகளுக்கு இதில் சலுகை உண்டு. ஆனால் டைரக்டரே ஒரே ஊழியராக உள்ள கம்பெனிக்கு அது கிடையாது. மிச்ச லாபம் சுமார் 66,300. அதற்குக் கார்ப்பரேஷன் வரி சுமார் 13,800. மீந்த 52,500-ஐ முழுக்க டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் சொந்த வரி சுமார் 9,300. கையில் நிற்பது ஏறக்குறைய 55,800. முதலாளி வழியில் போனால் 51,300. வித்தியாசம் நாலாயிரத்து ஐந்நூறு. அதில் கணக்காளர் கூலி போக வேண்டும், தொழில் காப்பீடு போக வேண்டும். சம்பளத்தோடு வரும் விடுமுறையும் முதலாளி போடும் ஓய்வூதியப் பணமும் கிடையாது. இரண்டு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்தால் இரண்டு வருஷ லாபமும் போச்சு.

எப்படி மூடினார்கள் என்று பார்த்தால், ஒரே நாளில் யாரும் மூடவில்லை. 2016 ஏப்ரலில் டிவிடெண்டோடு வந்துகொண்டிருந்த வரிக் கழிவை எடுத்துவிட்டு, முதல் 5,000-க்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அந்த 5,000, 2018-ல் 2,000 ஆனது, 2023-ல் 1,000 ஆனது, 2024-ல் 500 ஆனது. டிவிடெண்ட் வரியும் அடிமட்டத்தில் 7.5-லிருந்து 2022-ல் 8.75-க்கும், 2026 ஏப்ரலிலிருந்து 10.75-க்கும் ஏறியது. அடுத்த படி 35.75. கார்ப்பரேஷன் வரி 2023 ஏப்ரல் வரை எல்லோருக்கும் 19 சதவீதம். அதன் பிறகு 50,000 வரைதான் 19. இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் மொத்தத்துக்கும் 25. இரண்டுக்கும் நடுவில் சலுகை படிப்படியாகத் தேய்வதால், 50,000-க்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உண்மையில் விழுவது 26.5 சதவீதம். மேலே 25-தான், நடுவில் 26.5 என்பது விநோதமாகத் தெரியும். ஆனால் காண்ட்ராக்டர்கள் பலர் நிற்பது அந்த நடுவில்தான். இன்னொன்று, உங்கள் கையில் இரண்டு கம்பெனிகள் இருந்தால் இந்த எல்லைகள் இரண்டாகப் பிரிந்துவிடும். வீடு வாங்கி வாடகைக்கு விட என்று தனிக் கம்பெனி தொடங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கம்பெனிக்கு வரி அனுகூலமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது காலத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 52,500-ல் 37,700-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைத்தால், மேல்படி வரி இந்த வருஷம் இல்லை. வேலை இல்லாத வருஷத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டினால் அது கம்பெனியின் செலவு. கார்ப்பரேஷன் வரியும் இல்லை, நேஷனல் இன்ஷூரன்ஸும் இல்லை. வருஷத்துக்கு 60,000 வரை பொதுவாக இடமுண்டு. என்னைக் கேட்டால் இன்றைக்கு மிச்சமிருக்கும் பெரிய அனுகூலம் இதுதான். நம்மவர்கள் அதிகம் தொடாததும் இதுதான். ஐம்பத்தைந்து வயது தாண்டி வரப்போகும் பணத்தின் மேல் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. ஊரில் மனை என்றால் உடனே வருகிறது.

மனை என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கம்பெனி கணக்கில் நாற்பதாயிரம் கிடக்கிறது. கோயம்புத்தூரில் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, மாமனார் போன் செய்கிறார். பொத்தானை அழுத்தினால் பணம் போய்விடும். ஆனால் அந்த நாற்பதாயிரத்தில் ஒரு பகுதி அடுத்த காலாண்டில் கட்ட வேண்டிய வாட் வரி. இன்னொரு பகுதி கார்ப்பரேஷன் வரி. கணக்கு வருஷம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் கழித்துத்தான் கட்ட வேண்டும் என்பதால் அது நம் பணம் மாதிரியே கண்ணுக்குத் தெரியும். லாபம் இல்லாமல் டிவிடெண்ட் அறிவிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே எடுத்தது கடனாகிறது, கம்பெனி என்ற அந்த இன்னொரு ஆளிடம் நீங்கள் வாங்கிய கடன். வருஷ முடிவிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் திருப்பிக் கட்டாவிட்டால், நிலுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பெனி வரியாகக் கட்டி வைக்க வேண்டும். கடனைத் திருப்பிய பிறகு அந்த வரி திரும்ப வரும், ஆனால் மெதுவாக வரும். கடன் 10,000-ஐத் தாண்டினால், வட்டியில்லாக் கடன் என்ற சலுகைக்கும் தனியே வரி உண்டு. கெடுவுக்கு முதல் நாள் கட்டிவிட்டு மறு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை உங்களுக்கு முன்பே பலருக்குத் தோன்றி, அதற்கும் விதி போட்டுவிட்டார்கள்.

முதல் வருஷம் டிவிடெண்ட் எடுத்தவர்களுக்கு ஜனவரி 31 இன்னொரு அதிர்ச்சி தரும். போன வருஷ வரி முழுவதும், அதோடு நடப்பு வருஷத்துக்கு முன்பணமாக அதில் பாதியும், ஒரே நாளில் கேட்பார்கள்.

அடுத்தது மனைவி அல்லது கணவர் பெயரில் பங்கு. இதற்கும் ஒரு வழக்கு உண்டு, அதுவும் நம் துறை வழக்கே. ஜெஃப் ஜோன்ஸ் என்ற கணினி ஆலோசகரும் மனைவி டயானாவும் ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் ஆளுக்கொரு பங்கு வைத்திருந்தார்கள். வேலை செய்து சம்பாதித்தவர் அவர். கணக்கு வழக்கு பார்த்தவர் இவர். டிவிடெண்ட் பாதிப் பாதி. "இது அவர் வருமானம், மனைவி பக்கம் தள்ளிவிட்டார்" என்றது வரித்துறை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2007 ஜூலையில் தம்பதி வென்றார்கள். முழு உரிமையுள்ள சாதாரணப் பங்கைக் கணவன் மனைவிக்குக் கொடுத்தால் அது உண்மையான கொடை என்பதே அதன் சாரம். அரசு உடனே புதுச் சட்டம் கொண்டுவரப் பார்த்து, பிறகு அதைக் கிடப்பில் போட்டது. ஆகவே இது இன்றும் செல்லும். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் இதைப் "பேருக்கு எழுதுவது" என்று நினைப்பவர்கள் உண்டு. பினாமி அல்ல இது. பங்கு அவருடையது, டிவிடெண்ட் அவருடைய கணக்குக்குப் போக வேண்டும், அவர் அதை என்ன செய்வார் என்பது அவர் இஷ்டம். அந்த இஷ்டத்தைத் தர மனமில்லாதவர்கள் பங்கையும் தராமல் இருப்பது நல்லது.

இனி, எல்லோரும் பயப்படும் ஐ.ஆர்.35. 1999 மார்ச் 9-ஆம் தேதி பட்ஜெட் அன்று அன்றைய உள்நாட்டு வருவாய்த் துறை வெளியிட்ட 35-ஆம் எண் பத்திரிகைக் குறிப்பு இது. எண்ணே பெயராகிவிட்டது. 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சாலமன் வழக்கு கம்பெனிக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு திரையைப் போட்டது என்றால், இது அந்தத் திரையை விலக்கிப் பார்க்கிறது. நடுவில் கம்பெனி இல்லை என்று கற்பனை செய்துகொள், அப்போது இந்த ஆள் வாடிக்கையாளரின் ஊழியர் மாதிரி இருப்பாரா? ஆம் என்றால் வரும் பணத்துக்குச் சம்பளம் போலவே வரி. காண்ட்ராக்டர்கள் சங்கம் நீதிமன்றம் போய் 2001-ல் தோற்றது.

கேள்வி எளிது, பதில்தான் யாருக்கும் தெரியாது. சட்டத்தில் ஊழியர் என்பதற்குச் சூத்திரம் இல்லை. காங்க்ரீட் ஏற்றிச் சென்ற ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிய 1968-ஆம் ஆண்டு வழக்கையே இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். நீங்களே வர வேண்டுமா, உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாமா? வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? அவர்கள் வேலை தரவும் நீங்கள் செய்யவும் கட்டுப்பட்டிருக்கிறீர்களா? கால்பந்து நடுவர்கள் ஊழியர்களா என்ற வழக்கு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது, அங்கும் முடியாமல் கீழே திரும்பிப் போயிற்று. இலக்கிய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தொலைக்காட்சித் தொகுப்பாளர் லொரெய்ன் கெல்லி 2019-ல் வென்றபோது தீர்ப்பாயம் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர் திரையில் தானாக வருவதில்லை, தன்னைப் போன்ற ஒரு பாத்திரமாக நடிக்கிறார் என்பது. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் நாமும் அதைத்தான் செய்கிறோம். தீர்ப்பாயம் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு.

முதல் பதினேழு வருஷம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு காண்ட்ராக்டரின் கம்பெனியிடமே இருந்தது. சொன்ன பதிலைச் சரிபார்க்க வரித்துறைக்கு ஆள் போதவில்லை. 2017 ஏப்ரலில் அரசுத் துறை வேலைகளுக்கும், 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் அந்தப் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் வைத்தார்கள். தவறினால் வரியும் அவர்கள் தலையில். விளைவை ஊகிக்கலாம். பல வங்கிகள் ஒவ்வொரு வேலையாகப் பார்க்கும் சிரமமே வேண்டாம் என்று லிமிடெட் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்வதையே நிறுத்தின. தப்பு பண்ணிவிடுவோம் என்ற அவர்கள் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையே தப்பாகத் தீர்மானித்து, 2021-ல் சுமார் 88 மில்லியன் பவுண்டு கட்ட வேண்டி வந்தது. 2022 செப்டம்பரில் குவாசி குவார்டெங் இந்த மாற்றங்களை ரத்து செய்வதாக அறிவித்தார். அடுத்த மாதம் 17-ஆம் தேதி ஜெரமி ஹன்ட் அந்த ரத்தை ரத்து செய்தார். மூன்று வாரம் கனவு கண்டவர்கள் பலர்.

"உள்ளே" என்று தீர்மானமாகிவிட்டால் ஊழியரின் வரி விழும், ஊழியரின் உரிமைகள் வராது. சம்பளத்தோடு விடுமுறையும் இல்லை, வேலை நீக்கத்துக்கு ஈடும் இல்லை. அந்த நிலையில் சொந்தக் கம்பெனியை வைத்திருப்பதில் வரி லாபம் ஏதுமில்லை. பலர் அம்ப்ரெல்லா கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "கையில் 85 சதவீதம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையான கணக்கு அப்படி வராது. சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டாத கடனாகக் கொடுக்கும் திட்டங்கள் அப்படித்தான் விற்கப்பட்டன. 2017-ல் போட்ட சட்டத்தின்படி, 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்த கடன் முழுவதையும் ஒரே வருஷ வருமானமாகக் கருதி வரி கேட்டார்கள். முதலில் இருபது வருஷம் வரை பின்னால் போனார்கள். ஒரு மறு ஆய்வுக்குப் பிறகு 2010 டிசம்பர் 9-க்கு முந்திய கடன்களை விட்டார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு. தற்கொலைகள் நடந்ததை நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். திட்டத்தை விற்றவர்களோ பெரும்பாலும் கம்பெனியை மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

குடியேறிகளான நமக்கு வரிக் கணக்கு என்பது வரித்துறையோடு முடிவதில்லை. ஸ்பான்சர் விசாவில் இருப்பவர் சொந்தக் கம்பெனி வழியே முழுநேரக் காண்ட்ராக்ட் போக முடியாது. அது தெரிந்த விஷயம். டியர் 1 பொது விசாக்காரர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. அவர்களில் பலர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, விசாவுக்காக உள்துறையிடம் காட்டிய வருமானமும் வரித்துறையிடம் காட்டிய வருமானமும் பொருந்தவில்லை என்று, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்களுக்கும் பயன்பட்ட 322(5) என்ற விதியின் கீழ் மறுக்கப்பட்டார்கள். பத்து வருஷம் இருந்தவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளோடு நின்றார்கள். 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருவரை நேர்மையற்றவர் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தச் சந்தேகத்தைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்பு. ஆனால் "கணக்காளர் தப்பு செய்துவிட்டார்" என்ற பதில் பலரைக் காப்பாற்றவில்லை. கணக்காளர் தயாரித்தாலும் கையெழுத்து உங்களுடையது. விசாவுக்காக இன்று காட்டும் எண்ணை, வரிக்காகக் காட்டும் எண்ணோடு எட்டு வருஷம் கழித்து ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்றே எண்ணிக்கொண்டு எழுத வேண்டும். இரண்டின் நகலையும் நீங்களே வைத்திருங்கள். கணக்காளர் அலுவலகத்தை நம்பி விடாதீர்கள்.

கடைசியாக, கம்பெனியை மூடுவது. நிரந்தர வேலைக்குத் திரும்பும்போது கம்பெனியில் 25,000-க்கு மேல் சேர்ந்திருந்தால், முறையாகக் கலைப்பு அதிகாரியை வைத்து மூடினால் அந்தப் பணத்தை டிவிடெண்டாக இல்லாமல் மூலதன ஆதாயமாகப் பெறலாம். தகுதி இருந்தால் வரி விகிதம் முன்பு 10. அது 2025 ஏப்ரலில் 14 ஆகி, 2026 ஏப்ரலில் 18 ஆகிவிட்டது. மூடிய இரண்டு வருஷத்துக்குள் அதே மாதிரித் தொழிலை மறுபடி தொடங்கி, வரியைக் குறைப்பதே மூடியதன் முக்கிய நோக்கம் என்று தெரிந்தால், அந்தப் பணம் டிவிடெண்டாகவே கருதப்படும். கம்பெனிக்கு வேறு பெயர் வைத்தாலும், மனைவியின் பெயரில் தொடங்கினாலும் அது பொருந்தும்.